குத்துவதும் எழுதுவதும்

என் தொழிலுக்குத் தமிழில் சரியான பெயர் இன்னும் அமையவில்லை. 'பச்சை குத்துகிறவள்' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் துணிப்பையும் ஊசிக்கட்டுமாகத் தெருவில் கூவிக்கொண்டு போன பழைய காலத்துப் பெண் வந்து நிற்கிறாள். 'டாட்டூ ஆர்ட்டிஸ்ட்' என்றால் பெருநகரத்து வணிக வளாகமும் குளிரூட்டிய அறையும் வருகின்றன. 'பச்சை ஓவியர்' என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். காய்கறி வரைகிறவர் போல இருக்கிறது. 2017இல் பாளையங்கோட்டையில் தனியாகக் கடை போடுவதற்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'ஓவியர்' என்று எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, தன் கணினியில் அப்படியொரு பிரிவு இல்லை என்று கூறி, 'அழகு நிலையம்' என்று மாற்றிக்கொண்டார். கடன் கிடைத்தது. இன்றுவரை அந்த வங்கியின் ஏட்டில் நான் புருவம் திருத்துகிறவள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நான்கு ஆண்டு ஓவியம் படித்த ஒருத்தி, பட்டம் வாங்கிய பிறகு தன்னை என்னவென்று அழைத்துக்கொள்வது என்பது எங்கள் படிப்பில் தீராத சிக்கல். நான் 2008இல் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஒரு மருத்துவர் ஓவியப் பள்ளி தொடங்கினார் என்ற செய்தி அப்போது எனக்கு வெறும் தேர்வுக் குறிப்பு. கையுறை மாட்டிக்கொண்டு கிருமிநாசினி வாசனையில் உட்கார்ந்திருக்கும் இப்போது அதில் ஒரு பொருத்தம் இருப்பதாகத் தோன்றுகிறது.

நான் சேர்ந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் ஆதிமூலம் மறைந்திருந்தார். சிற்றிதழ் அட்டைகளிலும் கி.ரா. எழுத்துக்கு வரைந்த ஓவியங்களிலும் அவருடைய கோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள். எங்களுக்கு அவர் அந்தக் கல்லூரியின் மூத்த மாணவர். முதலாண்டில் ஓர் ஆசிரியர், ஆதிமூலத்தின் காந்தி வரிசையிலிருந்து ஒரு கோட்டோவியத்தை மாட்டி வைத்துவிட்டு, 'இதில் எத்தனை இடத்தில் பேனா தாளை விட்டு எழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பிற்பகல் முழுவதும் எண்ணினோம். ஒருவர் எண்ணிக்கையும் மற்றவருடன் ஒத்துப்போகவில்லை. கோடு என்பது விளிம்பு அல்ல, கை நடந்த தடம் என்பது அன்று கொஞ்சம் புரிந்தது. அதிகாலையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் போய்த் தூங்குகிறவர்களை வரைவோம். தூங்குகிற மனிதனும் அசைகிறான் என்பதை அங்கேதான் கற்றேன். பின்னால் அது சோறு போட்டது.

மூன்றாம் ஆண்டில் அச்சோவியப் பிரிவில் கழித்த நாட்கள்தாம் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தன என்று நினைக்கிறேன். துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலத்தில் மூழ்க வைத்தால் கீறிய இடத்தை அமிலம் தின்னும். பிறகு மெழுகைத் துடைத்து, மையைத் தேய்த்து, மேற்பரப்பைச் சுத்தமாக வழித்துவிட்டால், பள்ளத்தில் மட்டும் மை தங்கும். அமிலமே இல்லாமல் ஊசியால் நேரே தகட்டைக் கிழிக்கும் முறையும் உண்டு. அதில் கை நடுங்கினால் தகட்டில் நடுக்கம் நிற்கும், அழிப்பான் கிடையாது. தாளில் வரைகிறவனுக்கும் தகட்டில் வரைகிறவனுக்கும் உள்ள வேறுபாடு, பேசுகிறவனுக்கும் சாட்சி சொல்கிறவனுக்கும் உள்ள வேறுபாடு.

2012இல் வெளியே வந்தோம். அந்த ஆண்டுதான் தமிழக அரசு பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. என் வகுப்பில் இருவர் போனார்கள். சிலர் சினிமாவில் கலை இயக்குநர்களிடம் உதவியாளர் ஆனார்கள். ஒருவன் திருப்பூரில் பனியன் மேல் அச்சாகும் படங்களை வடிவமைத்தான். நமக்கு முந்தைய தலைமுறைக்குக் கைகொடுத்த திரைப்பட விளம்பரப் பலகை வேலை ஃபிளக்ஸ் வந்ததும் செத்துவிட்டிருந்தது. நான் எட்டு மாதம் மழலையர் பள்ளிச் சுவர்களில் மிக்கி மவுஸ் வரைந்தேன். சென்னையிலும் புறநகரிலும் எத்தனை மிக்கி மவுஸ்! ஒரு பள்ளித் தாளாளர், எலிக்குத் திருநீறு பூசிவிட முடியுமா என்று கேட்டார். பூசினேன்.

ஒரு சுவர் வேலைக்கு இடையில், வணிக வளாகம் ஒன்றிலிருந்த டாட்டூக் கடையில் ஸ்டென்சில் வரைய ஆள் தேவை என்று தெரிந்தது. ஸ்டென்சில் என்பது படத்தை மெல்லிய தாளில் வரைந்து தோலில் ஒற்றி எடுக்கும் அச்சு. போனேன். ஆறு மாதம் தரை துடைத்தேன், தாள் வெட்டினேன், கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தேன், மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டேன். வாழைப்பழத் தோல், பிறகு செயற்கைத் தோல், பிறகு என் இடது தொடை. என் தொடையில் இன்றும் பதினோரு வட்டங்கள் இருக்கின்றன. எட்டாவதிலிருந்துதான் அவை வட்டங்கள்.

*

தோல் தாள் அல்ல. இதை ஆயிரம் முறை சொன்னாலும் ஓவியக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஊசி பிடித்த பிறகுதான் புரிகிறது. மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதுப்பித்துக்கொள்கிறது. அங்கே வைத்த மை சில வாரங்களில் போய்விடும். அதற்குக் கீழே உள்ள உள்தோலில், ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மை போய்ச் சேரவேண்டும். அதற்கும் கீழே போனால் கொழுப்பில் கலங்கி, கோட்டைச் சுற்றி நீல நிழலாகப் பரவும். விலா எலும்பின் மேல் ஓர் ஆழம், முழங்கையின் உட்புறம் ஓர் ஆழம், வயதானவர் கையில் இன்னோர் ஆழம். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் பாதித் தொழில். படிப்பில் இடது கைக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

மை அங்கே எப்படித் தங்குகிறது என்பது இன்னும் வியப்பானது. உடல் அதை அந்நியப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்கிறது. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. 2018இல் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இதற்கு ஒரு படி மேலே: அந்த அணுக்கள் சாகின்றன, மை வெளியே கொட்டுகிறது, அடுத்து வரும் அணுக்கள் அதை மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. நிலையாக இருப்பதுபோல் தெரிகிற கோடு உள்ளே ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

கரிய மையைத்தான் குத்துகிறோம், பிறகு ஏன் பச்சை என்கிறோம்? தோல் ஒரு கலங்கிய கண்ணாடி. அதன் வழியாகப் போய்த் திரும்பும் ஒளியில் நீலப்பக்கத்து அலைகள் சிதறி நம் கண்ணுக்கு அதிகமாக வருகின்றன. ஆகவே அடியிலுள்ள கரி நீலமாக, பழுப்புத் தோலின் மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. கையில் ஓடும் ரத்தக்குழாய் பச்சையாகத் தெரிவதிலும் பெரும்பகுதி இதே கணக்குதான். நம் முன்னோர் ஒளியியல் படிக்கவில்லை. பார்த்ததற்குப் பெயர் வைத்தார்கள். இன்னொன்றும் உண்டு. நம் தோலின் நிறமி மைக்கு மேலே ஒரு பழுப்புப் பூச்சாகக் கிடக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரு பழுப்புக் கண்ணாடித் தாளை எடுத்துப் படத்தின்மேல் வைத்துக் காட்டுவேன். மஞ்சள் மறைந்துவிடும். கறுப்பும் அடர்சிவப்பும் மட்டும் நிற்கும். தைல வண்ணத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சு கொடுக்கப் படித்தவளுக்கு இது புதிதல்ல. கடைசிப் பூச்சு வாடிக்கையாளருடையது, அதை நான் மாற்ற முடியாது, அவ்வளவே.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1876இல் எடிசன் ஒரு மின்பேனாவுக்கு உரிமம் பெற்றார். அது எழுதுவதற்கல்ல, தாளில் நுண்ணிய துளைகளை இட்டுக்கொண்டே போகும். அந்தத் துளைத்தாளின்மேல் மையை உருட்டினால் எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். அலுவலகங்களுக்கான நகலெடுப்பு. 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி அதே அமைப்பை ஒட்டி டாட்டூ இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். குமாஸ்தாவின் கருவி மாலுமியின் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் மார்கழியில் துளைத்தகட்டை வைத்துக் கோலப்பொடி தூவுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேலைதான்.

*

என் ஆச்சியின் வலது முன்கையில் ஒரு கோலமும், இடது கையில் ஒரு தேளும், மோவாயில் மூன்று புள்ளியும் இருந்தன. எந்த வயதில் குத்தியது என்று கேட்டால் 'சமைஞ்சதுக்கு முந்தி' என்பாள். குத்தியவளுக்கு இரண்டு படி நெல்லும் ஒரு பழைய சேலையும் கூலி. சாகும்போது தாலி முதற்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், பச்சை மட்டுமே கூட வரும் என்பது ஆச்சியின் நம்பிக்கை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் அதுவே.

அந்தப் பச்சைக்கான மை செய்முறையை நான் தெரிந்துகொண்டது ஆச்சியிடமிருந்து அல்ல, எட்கர் தர்ஸ்டனிடமிருந்து. எங்கள் கல்லூரியிலிருந்து நடக்கிற தொலைவில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். 1909இல் அவர் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளில் பச்சை குத்தும் குறவர் பெண்களைப் பற்றி எழுதுகிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து, துணியில் தடவித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றிப் புதுப்பானையால் மூடுவார்கள். பானையின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. மனிதர்களின் மூக்கை அளந்து சாதி பிரித்த அந்தத் துரையிடம் எனக்கு மரியாதை குறைவு. ஆனாலும் மை செய்முறையை எழுதி வைத்ததற்காக நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? நான் சிறுமியாக இருந்தபோதே அவர்கள் வருவது அரிதாகிவிட்டது. 1986இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அதன்பின் வந்த ஊசிப் பயம் ஒரு காரணம். படித்த வீட்டுப் பெண்ணின் கையில் பச்சை இருந்தால் பட்டிக்காடு என்ற நினைப்பு அதைவிடப் பெரிய காரணம். என் அம்மா தன் கையிலிருந்த ஒற்றைப் பொட்டை வளையலுக்குள் தள்ளி மறைத்துக்கொள்வாள். எனக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் 'சென்னையில கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணுதா' என்று சொல்லியிருந்தாள். பாட்டியின் கோலத்துக்கும் பேத்தியின் கடைக்கும் நடுவே ஒரு தலைமுறை வளையலை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆச்சி என் இயந்திரத்தை ஒரே ஒரு முறை பார்த்தாள். ஓடவிட்டுக் காட்டினேன். 'இது என்னட்டி, வண்டு மாதிரி கத்துது' என்றாள். வலிக்காதா என்று கேட்டாள். கொஞ்சம் வலிக்கும் என்றேன். 'எனக்குக் குத்துனவ வலி தெரியாம இருக்கப் பாட்டுப் படிச்சா. உன் மெசினு என்ன படிக்கும்?' இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடையில் இளையராஜா ஓடுகிறது.

*

பழந்தமிழில் ஓவியமும் எழுதப்படுவதுதான். வரைதலுக்கும் எழுதுதலுக்கும் ஒரே வினை. சங்கப் பாடல்கள் சொல்லும் தொய்யிலும் அப்படித்தான்: பெண்ணின் தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதும் கொடிக்கோலம். அது குத்துவதல்ல; வியர்வையில் கலைந்துபோகும். கலைவதுதான் அதன் அழகு என்று கல்லூரிக் காலத்தில் நினைத்திருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆசிரியை தன் தங்கையோடு கடைக்கு வந்தார். மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவரிடம் எழுதி வாங்கி வந்திருந்தார். தழும்பின் மேல் ஏதாவது வரைய முடியுமா என்பதுதான் கேள்வி. என்ன வேண்டும் என்று கேட்டேன். 'பூ வேண்டாம். கொடி போதும்' என்றார். தழும்புத் தோல் மற்றத் தோலைப் போல மையை வாங்காது. ஓரிடத்தில் இறுகி வழுக்கும், ஓரிடத்தில் பஞ்சுபோல் உறிஞ்சும். உணர்ச்சி சில இடங்களில் இருக்காது, சில இடங்களில் அளவுக்கு மீறி இருக்கும். மூன்று அமர்வுகளாக, தழும்பையே தண்டாக வைத்து, அதிலிருந்து இலைகள் பிரிவதாக வரைந்தேன். முடிந்த அன்று அவர் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓர் இலையின் நரம்பு சரியில்லை என்றார். தாவரவியல் ஆசிரியை. திருத்தினேன். தொய்யில் என்ற சொல்லை அவரிடம் சொன்னேன். 'அது அழியுமே' என்றார். இது அழியாது என்றேன். தலையாட்டினார்.

*

எழுத்துகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இலக்கிய வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது படம் அல்ல, பெயர். அம்மா, அப்பா, குழந்தை, காதலி. சில நேரம் செத்துப்போன நண்பன். தமிழில் எழுதச் சொல்கிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய வாசகத்தை நீட்டுவார்கள். ஒற்று விழுந்திருக்கும், றகர ரகரம் மாறியிருக்கும். திருத்தித் தருவேன். 'அதெல்லாம் யார் பார்க்கா' என்கிறவரிடம், சாகும்வரை நீங்கள் பார்ப்பீர்கள் என்பேன். தமிழ்நாட்டில் மெய்ப்புத் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்காமல் உழைக்கும் சிலரில் நானும் ஒருத்தி.

தமிழ் எழுத்தின் சுழிகள் தோலில் ஆபத்தானவை. பத்து ஆண்டில் ஒவ்வொரு கோடும் சற்றுத் தடிக்கும். ணகரத்தின் சுழி அடைந்துபோகும். ஈகாரத்தின் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். மெய்ப்புள்ளி எழுத்தோடு சேர்ந்துவிட்டால் பெயரே மாறிவிடும். ஆகவே சிறிதாக எழுத மறுப்பேன். ஓலையில் எழுதியவர்களும் புள்ளி வைக்கத் தயங்கினார்கள், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று. சுவடி எழுதிய முறையை நினைத்துப் பாருங்கள்: முதலில் எழுத்தாணியால் கீறுகிறார்கள், அப்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, பிறகு விளக்குக்கரியை மேலே தடவித் துடைக்கிறார்கள், கீறலில் கரி தங்குகிறது. துத்தநாகத் தகட்டில் நான் செய்ததும் அதுதான். ஆச்சிக்குக் குத்தியவள் செய்ததும் அதுதான். இதில் ஒன்றைப் புலமை என்றும் இன்னொன்றைக் கலை என்றும் மூன்றாவதைக் குறத்தி வேலை என்றும் பிரித்தது கருவி அல்ல.

*

சாதிக்கு வந்துவிட்டோம். எங்கள் சீமையில் எதைப் பேசினாலும் அங்கேதான் வந்து சேர்கிறது.

நெல்லை மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறமாகக் கையில் கயிறு கட்டுவது பழைய செய்தி. 2019இல் பள்ளிக் கல்வித்துறை அதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது.

அறிக்கை வந்த சில வாரங்களில் மூன்று பையன்கள் கடைக்கு வந்தார்கள். மணிக்கட்டில் தங்கள் சாதிப்பெயரும், குறுக்கே ஒரு வாளும் வேண்டும். வயதைக் கேட்டேன், பதினேழு. பதினெட்டுக்குக் கீழே நான் ஊசி எடுப்பதில்லை என்றேன். அவர்களில் மெலிந்தவன் மிகவும் பணிவாகச் சொன்னான்: 'கயித்தைக் கட்டுனா ஹெச்செம் சார் கத்திரி வச்சு வெட்டிருதாருக்கா. இதை எப்படி வெட்டுவாரு?'

அந்தக் கேள்வி ஒரு மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. என் தொழிலின் பெருமை என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரே குணத்தை, அழியாமையை, அவன் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருந்தான். வயது வந்த பிறகு வருவான். வந்தால்?

'சாதிப்பெயர், சாதிச்சின்னம் வரையப்படாது' என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன். எழுதிய கையோடு சிக்கல்கள் தொடங்கின. சாதிப்பெயர் எதுவென்று தெரியும், சின்னம் எது? எங்கள் மாவட்டத்தில் சிங்கத்துக்கும் புலிக்கும் மரத்துக்கும் நிறத்துக்கும் ஆள் இருக்கிறது. விடுதலைப் போராட்டத் தலைவர்களைக்கூடப் பங்குபோட்டு வைத்திருக்கிறோம். ஒரு தலைவரின் முகத்தை வரையச் சொல்கிறவர் வரலாற்றைக் கேட்கிறாரா, வகையறாவைக் கேட்கிறாரா? ஒடுக்கப்பட்டவர் அம்பேத்கர் படத்தைக் கேட்பதையும், மற்றவர் தன் சாதிப்பெயரோடு வாளைக் கேட்பதையும் ஒரே பலகையால் அளக்க முடியுமா? முடியாது. அம்பேத்கரை வரைகிறேன். எல்லாத் தரப்பையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலை என்று நான் நினைக்கவில்லை. கட்சிக்காரர்களையும் வரைகிறேன்; எம்.ஜி.ஆர். தன் கட்சியினரைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்ன மாநிலம் இது, 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அவர் முகத்தைக் குத்திக்கொண்ட மாநிலமும் இது. கட்சி மாறினால் வந்து மறைத்துக்கொள்ளலாம்.

பலகை வைத்த மூன்றாம் நாள் யாரோ ஆணியால் அதைக் கீறியிருந்தார்கள். தொலைபேசியில் ஒருவர் நான் என்ன ஆள் என்று கேட்டார். ஊர்ப்பெயரைச் சொன்னேன். 'அதைக் கேக்கல' என்றார். வேடிக்கை என்னவென்றால், ஒரு சாராருக்கு நான் அந்தச் சாதிக்காரி என்றும், அந்தச் சாராருக்கு நான் இந்தச் சாதிக்காரி என்றும் உறுதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் வாடிக்கை குறைந்தது. கோயில் கொடை மாதங்களில் என் வருமானத்தில் மூன்றில் ஒன்று போயிற்று. மாமா வந்து, 'தொழில் செய்யுதவளுக்கு இந்தப் பவுசு எதுக்குட்டி? கேக்கவன் கையி, கேக்கவன் காசு' என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் மறுத்ததை இரண்டு தெரு தள்ளிப் பாதி விலைக்குச் செய்கிறார்கள். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பத்துப் பேருக்கும் செய்கிறார்கள். என் பலகை ஒரு கையைக்கூட வெறுமையாக வைத்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கோடு என் கோடாக இராது. கோடு என்பது கை நடந்த தடம் என்று படித்தவளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பையன் திரும்பி வரவில்லை. வேறொருவர் வந்தார்.

முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முன்கையின் வெளிப்புறம் நான்கு அங்குல நீளத்துக்குச் சாதிப்பெயர், கொட்டை எழுத்தில். பதினெட்டு வயதில் கொடையின்போது கடையில் குத்தியது. மறைக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்கவில்லை; அவரே சொன்னார். மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருக்கிறாள். பேருந்தில் ஜன்னலோரம் மடியில் உட்கார்ந்து, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவள், அடுத்ததாக அப்பாவின் கையை வாசித்தாள். சத்தமாக. பேருந்து முழுவதும் கேட்டது. 'சரியாப்பா?' என்று வேறு கேட்டிருக்கிறாள்.

பழைய பச்சையை மறைப்பது புதிதாக வரைவதைவிடக் கடினம். மையின் மேல் வெள்ளை அடிக்க முடியாது. இருட்டை இன்னும் பெரிய இருட்டுக்குள்தான் ஒளிக்க முடியும். பழையதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். பழைய கோடுகள் புதிய படத்தின் நிழல்களில் விழுமாறு அமைக்க வேண்டும். என்ன வரையலாம் என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். சிங்கம், புலி, கழுகு, பனை எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சங்கம் இருந்தது. கடைசியில் நான் காக்கை என்றேன். 'காக்கா யாருக்கும் சொந்தமில்லையேக்கா?' என்று கேட்டார். சனி பகவானுக்கு மட்டும் என்றேன். சிரித்துவிட்டார். அவருக்கு வீட்டுக் காக்கைதான் பிடித்திருந்தது. ஆனால் அதன் சாம்பல் நிறக் கழுத்து சரியாக மூன்றாம் எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அண்டங்காக்கை என்று முடிவாயிற்று. முழுக்கறுப்பு.

இரண்டு அமர்வுகள் முடிந்துவிட்டன. எழுத்துகள் சிறகின் அடுக்குகளுக்குள் போய்விட்டன. தெரிந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் திருவிழாக் கடைக்காரனின் கை கனம். ஊசியை ஆழமாக இறக்கி, தோலைத் தழும்பாக்கிவிட்டிருக்கிறான். கண்ணுக்கு ஒன்றுமில்லை, விரலால் தடவினால் எழுத்துகள் வரிசையாக மேடு தட்டுகின்றன. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு தானே ஒரு முறை தடவிப் பார்த்தார். நடுவில் நிறுத்திவிட்டார்.

'பாப்பா இப்பதானக்கா பார்த்து வாசிக்கா' என்றார். 'தொட்டு வாசிக்க மாட்டா.'

காக்கையின் வாலும் ஒரு காலும் பாக்கி இருக்கின்றன. தோல் ஆற ஆறு வாரம் வேண்டும். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.